ராக்கெட் பெட்டியின் முதல் பெயர்

ஜூன் 4, 1990

ராக்கெட் பெட்டியில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் கடையைத் திறந்ததும் பெட்டியின் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு. மத்தியானம் சாப்பிடப் போகும்போது மெயின் சுவிட்சை நானே அணைத்துவிட்டுத்தான் போனேன். தூத்துக்குடி வெயிலில் எதைத் தொட்டாலும் சுடத்தான் செய்யும் என்கிறாள் என் மனைவி செண்பகவல்லி. அப்படியானால் பக்கத்தில் நிற்கும் கார் ரேஸ் பெட்டியும் சுட வேண்டும் அல்லவா? அது பச்சைத் தண்ணீராக இருந்தது.

முப்பது வருஷம் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். டிக்கெட் எடுக்காதவன் முன்வாசல் வழியாகக் குதித்து ஓடிவிட்டாலும், காலியான சீட்டைத் தொட்டுப் பார்த்து அவன் எங்கே உட்கார்ந்திருந்தான் என்று சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகு வீட்டின் முன்பக்கத்தை இடித்துக் கட்டி இந்த வீடியோ கேம் கடையைப் போட்டிருக்கிறேன் என்பதற்காக என் காதில் யாரும் பூ சுற்ற முடியாது.

காலையில் தண்ணீர் வரவில்லை. தெருவில் யார் வீட்டிலாவது மோட்டார் வைத்து இழுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

ஜூன் 5

இன்று கண்ணாடி குளிர்ந்திருந்தது. அதனால் சந்தேகம் கூடியிருக்கிறது. நான் தொட்டுப் பார்த்தது யாருக்கோ தெரிந்திருக்கிறது.

ஜூன் 7

பிடி கிடைத்துவிட்டது.

துறைமுகத்தில் ஏலம் எடுத்த ஒருவரிடமிருந்து வாங்கிய பெட்டி இது. மேலே இங்கிலீஷில் எழுதியிருந்த பெயர் பாதி உரிந்து போய்விட்டதால் ஊரில் எல்லோருக்கும் இது ராக்கெட் பெட்டிதான். திரையின் இடது ஓரத்தில் நம்முடைய சின்னக் கப்பல் நிற்கும். ஆகாயம் வலப்பக்கத்திலிருந்து நம்மை நோக்கி நகர்ந்து வந்துகொண்டே இருக்கும். நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. முதலில் பறக்கும் தட்டுகளில் எதிரிகள் வருவார்கள், பிறகு மலை, குகை, அதையும் தாண்டினால் பறக்கும் பாறைகள். ஒரு டோக்கனுக்கு மூன்று உயிர். பாறைகளைத் தாண்டியவனை நான் இதுவரை பார்த்ததில்லை.

அதிகப் புள்ளி எடுத்தவர்கள் கடைசியில் மூன்று இங்கிலீஷ் எழுத்தில் பெயர் போட்டுக்கொள்ளலாம். முன்பெல்லாம் கரண்டு போனால் பெயர்கள் அழிந்துவிடும், கல்லூரிப் பையன்கள் என்னோடு மல்லுக்கு நிற்பார்கள். மெக்கானிக் வின்சென்ட் உள்ளே ஒரு பேட்டரி வைத்துக் கொடுத்த பிறகு எந்தப் பெயரும் அழிவதில்லை.

இன்று மத்தியானம் நான் மெயினை அணைத்தபோது முதல் இடத்தில் இருந்தது ராஜன் என்கிற கல்லூரிப் பையனின் பெயர். சாயங்காலம் வந்து போட்டுப் பார்த்தால் ராஜன் இரண்டாவது இடத்தில் இருக்கிறான். முதல் இடத்தில் கே.வி.எஸ்.

பூட்டிய கடைக்குள் யார் இந்த கே.வி.எஸ்.?

மத்தியானச் சாப்பாடு சொதி, உருளைக்கிழங்குப் பொரியல், இஞ்சிப் பச்சடி. வார நாளில் சொதி வைக்க மாட்டாள். இப்போதெல்லாம் சாப்பாடு தடபுடலாக இருக்கிறது. பிரஷர் மாத்திரையும் சேர்ந்துகொள்ள, அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறேன். வயதான காலத்தில் பெண்டாட்டிக்கு என் மேல் கரிசனம் வந்திருக்கிறது, நல்லதுதான்.

ஜூன் 9

கே.வி.எஸ். விசாரணை. கடைக்கு வருகிற ஒவ்வொருவனிடமும் பெயரும் இன்ஷியலும் கேட்டேன். ராஜனுக்கு முகம் தொங்கிப் போயிற்று. "பாறையத் தாண்டாம இவ்வளவு புள்ளி வராது அண்ணாச்சி. இது நம்ம ஊர் ஆளே இல்ல" என்கிறான். துறைமுக கிளார்க் ஒருவர் கே.வி. சுப்பையாவாம். அவருக்கு ஒரு கண்ணில் புரை. விட்டுவிட்டேன்.

டிக்கெட் இல்லாமல் பிடிபடுகிறவன் ஒருநாளும் சொந்தப் பெயரைச் சொல்ல மாட்டான். அதுபோல இதுவும் கள்ளப் பெயராகத்தான் இருக்கும்.

ராத்திரி சாப்பிடும்போது செண்பகவல்லியிடம், "கே.வி.எஸ்.னு யாரையாவது தெரியுமாட்டி உனக்கு?" என்று கேட்டேன்.

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

"தெரிஞ்சா உங்கிட்ட எதுக்குக் கேக்கேன்?"

"அப்ப எனக்கும் தெரியாது" என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள். எதைக் கேட்டாலும் எதிர்க்கேள்வி. கல்யாணமான நாளிலிருந்து இதே வழக்கம்தான்.

ஜூன் 12

கடை மேஜை டிராயரில் நான் வைக்காத சில்லறை கிடந்தது. எடுத்துக்கொண்டு போகிற திருடனைப் பார்த்திருக்கிறேன். வைத்துவிட்டுப் போகிறவன் பெரிய கைகாரனாக இருக்க வேண்டும். என்னைக் குழப்புவதற்கென்றே செய்கிறான்.

செண்பகவல்லிக்கு இடது உள்ளங்கையில் கொப்புளம். கேட்டதற்கு அம்மியில் அரைத்தேன் என்றாள். மிக்ஸி வாங்கிக் கொடுத்த பிறகும் அம்மியைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னேன்.

ஜூன் 15

கே.வி.எஸ். தன் பழைய புள்ளியைத் தானே தாண்டிவிட்டான். ராஜன் குழுவினர் பெட்டிக்கு முன்னால் கூடி நின்று வாயைப் பிளக்கிறார்கள். கூட்டம் அதிகமாகியிருக்கிறது, வியாபாரம் நன்றாக நடக்கிறது. ஆனாலும் எனக்கு நெஞ்சு ஆறவில்லை. என் கடையில் எனக்குத் தெரியாமல் ஒருவன் முதலாவதாக இருக்கிறான்.

ராத்திரி இதை வீட்டில் புலம்பினேன். அந்தப் பாறைகள் மேலேயும் வருகின்றன, நடுவிலேயும் வருகின்றன, மனுஷன் எப்படித் தாண்டுவான் என்றேன். செண்பகவல்லி கீரை ஆய்ந்துகொண்டே, "கீழ்ஓரமா ஒட்டிப் போனா போயிரலாம்லா" என்றாள். ராக்கெட்டைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்? ஆனால் எதற்கும் ஒரு யோசனை சொல்லாமல் இருக்க முடியாது.

அக்கா வீட்டுக்குக் கயத்தாறு போக வேண்டும் என்று முன்பு மாதம் ஒருமுறையாவது நச்சரிப்பாள். இப்போது அந்தப் பேச்சையே காணோம். ஏன் என்று யோசிக்க வேண்டும்.

ஜூன் 19

வின்சென்ட் பெட்டிகளைத் துடைத்துப் பார்க்க வந்தான். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். ரேடியோவை யார் இப்போது பழுது பார்க்கிறார்கள்? மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறதாம். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறான். இனி போலீஸ் விசாரணை மட்டும்தான் பாக்கி. ஜூலை முதல் வாரத்துக்குள் ஸ்டேஷனிலிருந்து நல்லபடியாக எழுதிப் போய்விட்டால் ஏஜென்ட் விசா எடுத்துவிடுவார், இல்லையென்றால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றான். கடையை அடமானம் வைத்து ஏஜென்டுக்குக் கட்டியிருக்கிறான். மனைவி பிலோமிக்கு இது ஏழாவது மாதம்.

செண்பகவல்லி அவனுக்குக் காபியும் முறுக்கும் கொடுத்தாள். "நல்லபடியா போய்ச் சேருப்பா. மாதா துணையிருப்பா" என்றாள். நம் வீட்டில் முருகன் படம்தான் இருக்கிறது. மாதா எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

அவன் போன பிறகு ஒன்று உறைத்தது. கடையின் முன் ஷட்டர் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. பின்கதவுப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று என் சட்டைப்பையில் இருக்கும். இன்னொன்று, காலையில் நான் எழுவதற்கு முன்னால் வந்து வேலை பார்க்க வசதியாக, நானே வின்சென்ட்டிடம் கொடுத்தது.

ஜூன் 22

மத்தியானம் பின்கதவு இடுக்கில் சிகரெட் தாளைக் கிழித்துச் செருகி வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் தாள் தரையில் கிடந்தது.

என் சாவி ஆணியில் மாட்டிய சட்டையில் அப்படியே இருந்தது. நான் பக்கத்திலேயே கட்டிலில் படுத்திருந்தேன். மிச்சம் இருப்பது ஒரே ஒரு சாவி.

ஜூன் 23

வின்சென்ட் கடைக்கே போய்ச் சாவியைக் கேட்டேன். கொடுத்தான். எதற்கு என்றான்.

"மத்தியானம் கடைக்குள்ள என்ன சோலி உனக்கு?"

"எனக்கா? நான் மத்தியானம் அந்தப் பக்கமே வாரதில்லையே அண்ணாச்சி."

"அப்ப கே.வி.எஸ். யாரு?"

"அதத்தான் நானும் யோசிக்கேன். நல்ல கை. ஒருநாள் பாக்கணும்."

இதைச் சொன்னபோது சிரித்தான். அந்தச் சிரிப்புதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. தப்பு செய்தவன் சிரிக்க மாட்டான் என்று நினைக்கிறவர்கள் பஸ்ஸில் ஒருநாள் செக்கிங் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே வேலை பார்க்கிற ஆட்கள் முன்னால் அவனைத் திட்டிவிட்டு வந்தேன். இனிமேல் என் கடைப் பக்கம் வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டேன்.

ஜூன் 25

சாவியை வாங்கிய பிறகும் கே.வி.எஸ். வந்திருக்கிறான். புள்ளி இன்னும் அதிகம்.

நான் என்ன இளித்தவாயனா? கேட்ட உடனே ஒரு பேச்சும் பேசாமல் சாவியை எடுத்துக் கொடுத்தானே, அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு சாவி அடித்து வைத்திருக்கிறான். என் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, என் பெட்டியில் ஆடி, பெயரும் எழுதிவைத்துவிட்டுப் போகிறான்.

நேராக ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். ரைட்டராக இருக்கும் ஏட்டு மாசானமுத்து பழைய பழக்கம். நான் பஸ்ஸில் பிடித்துக் கொடுத்த ஆட்களுக்கெல்லாம் அவர்தான் கேஸ் எழுதுவார். "பாஸ்போர்ட் விசாரணை எங்கிட்டதான் கெடக்கு அண்ணாச்சி. பூட்டுத் திறந்த கேசுன்னு ஒரு வரி எழுதினா போதும், பய மஸ்கட்டு இல்ல, மணியாச்சி ஜங்ஷனக்கூடத் தாண்ட முடியாது" என்றார்.

சரி என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 26

வீட்டில் சொன்னேன். செண்பகவல்லியின் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன காரியம் செய்திய? வாயும் வயிறுமா ஒருத்தி இருக்காளே அந்த வீட்டுல!"

"அத அவன்லா யோசிச்சிருக்கணும்."

"அவன் அப்படிப்பட்ட பிள்ளை இல்ல. கேஸ வாபஸ் வாங்கிருங்க."

"உனக்கு எப்படித் தெரியும், அவன் எப்படிப்பட்ட பிள்ளைன்னு?"

அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "நான் ஒண்ணு சொல்லணும். கோவப்படாம கேப்பியளா?" என்றாள்.

"அவனுக்காகப் பரிஞ்சு பேசுததா இருந்தா ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றுவிட்டுக் கடைக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 27

இங்கே ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். எழுதக்கூடாத விஷயம்.

தண்ணீர் லாரி வந்தது. குடம் வைப்பதில் எதிர்வீட்டுக்காரியோடு சண்டை.

அவனுக்கு ஏன் முறுக்கு கொடுக்க வேண்டும்? வேலைக்கு வருகிற எத்தனையோ பேருக்குத் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை.

ஜூன் 28

வின்சென்ட் வாசலில் வந்து நின்றான். முகச்சவரம் செய்யாமல், கசங்கின சட்டையோடு.

"ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு ரெண்டு மணி நேரம் நிக்க வச்சிட்டாவ அண்ணாச்சி. நான் என்ன தப்பு செய்தேன்னு சொல்லுங்க. எதை எடுத்தேன்னு சொல்லுங்க, தந்திருதேன். புதன்கிழமைக்குள்ள பேப்பர் போகலன்னா எல்லாம் போச்சு."

எதையும் எடுக்கவில்லைதான். அது எனக்கும் தெரியும். ஒன்றும் எடுக்காதவன் எதற்காகப் பூட்டைத் திறந்து வருகிறான்? அதுதான் என்னை அரிக்கிற கேள்வி. ஜன்னல் திரை அசைந்தது. திரும்பிப் பார்த்தேன், செண்பகவல்லி அங்கே நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது.

இவன் அழவில்லை. இவள் அழுகிறாள்.

ஜூன் 29

முடிவு செய்துவிட்டேன். நாளை திருநெல்வேலியில் கூட வேலை பார்த்தவர் வீட்டுக் கல்யாணம், சாயங்காலம்தான் வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். பின்கதவுச் சாவி இருக்கிற சட்டையை ஆணியிலேயே விட்டுவிட்டு வேறு சட்டை போட்டுக்கொள்வேன். தெருக்கோடி வரை போய்விட்டுத் திரும்பி வந்து, முன் ஷட்டரைத் திறந்து உள்ளே போய் இழுத்துவிட்டுக்கொண்டு கார் ரேஸ் பெட்டிக்குப் பின்னால் உட்காரப் போகிறேன்.

ஒருவர் வருகிறாரா, இரண்டு பேர் வருகிறார்களா என்று பார்த்துவிடலாம். அதை எழுதிவிட்டேன். இந்தத் தடவை அடிக்கப் போவதில்லை.

மாத்திரை போடவில்லை.

ஜூன் 30

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஷட்டருக்குள் ஒரே புழுக்கம். வேட்டி முழுக்க நனைந்துவிட்டது. துறைமுகத்தில் மத்தியானச் சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் பின்கதவில் பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது. உள்ளே வந்த ஆள் விளக்குப் போடவில்லை. நேராக மெயினைப் போட்டார். டிராயரைத் திறந்து மூடுகிற சத்தம். அதில் காசு விழுகிற சத்தம். பிறகு பெட்டிக்குள் டோக்கன் விழுந்தது.

இரண்டாவது ஆள் வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ராக்கெட் பெட்டி பாட ஆரம்பித்தது. மெல்ல எட்டிப் பார்த்தேன்.

செண்பகவல்லி நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருந்தாள். இடது கை கம்பியில், வலது கை பொத்தானில். திரை வெளிச்சம் அவள் முகத்தில் பச்சையும் சிவப்புமாக அடித்தது. தட்டுகள் வந்தன, சுட்டுத் தள்ளினாள். குகைக்குள் நுழைந்தாள், வெளியே வந்தாள். பாறைகள் வந்தன. கப்பலைக் கீழ்ஓரத்தில் ஒட்டி ஓட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக அவற்றின் அடியில் நுழைந்து போனாள். நான் ஒருநாளும் பார்த்திராத ஆகாயம் திரையில் வந்தது. அங்கே ஒரு பெரிய சிவப்புக் கோட்டை மிதந்துகொண்டிருந்தது.

நான் அவள் பின்னால் போய் நின்றேன். கண்ணாடியில் என் முகம் தெரிந்திருக்க வேண்டும். அவள் தோள் ஒரு தடவை தூக்கிப்போட்டது. ஆனால் திரும்பவில்லை.

"செத்த இருங்க. ஒரு உயிர்தான் இருக்கு" என்றாள்.

இருந்தேன். வேறு என்ன செய்ய? செக்கிங் ஏறின இன்ஸ்பெக்டர், கண்டக்டர் டிக்கெட் கிழித்து முடிக்கிறவரை காத்திருக்கிற மாதிரி நின்றேன்.

கப்பல் வெடித்ததும் பெயர் கேட்டது. அவள் தயங்காமல் மூன்று எழுத்தைப் போட்டாள். கே.வி.எஸ். அதன் பிறகுதான் திரும்பினாள். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"யாருட்டி இது கே.வி.எஸ்.?" என்றேன்.

"கயத்தாறு வேலாயுதம் செண்பகவல்லி. பள்ளிக்கூடத்துல எம்பேரு அதுதான். கல்யாணம் முடிஞ்ச அன்னைக்கு அத உங்க இன்ஷியலா மாத்தி எழுதினிய. பழச மறந்துட்டிய போல. கேட்டிய பாருங்க அன்னைக்கு, யாருன்னு... எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு."

ரேஷன் கார்டில் நான்தான் என் கையால் எஸ். செண்பகவல்லி என்று எழுதினேன். மாமனார் பெயர் எனக்குத் தெரியாதா? திதிக்குக்கூடப் போய்வந்திருக்கிறேன். ஊரில் உள்ளவன் இன்ஷியலையெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தவனுக்கு இது தோன்றவே இல்லை.

"நீங்க தூங்கும்போது சட்டையில இருந்து சாவிய எடுத்தேன், ஆனா டோக்கனுக்குக் காசு போட்டுத்தான் ஆடினேன். டிராயர்ல பாத்திருப்பியளே. ஓசியில ஒருநாளும் ஆடல" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

"சாவிய வாங்கின பெறவும் வந்தியே. ஏன்?"

"அவங்கிட்ட சாவி இல்லாதப்பவும் அந்தப் பேரு வந்தா, அவன் இல்லன்னு உங்களுக்கு விளங்கும்னு நினைச்சேன். நீங்க அதுக்கும் ஒண்ணு கண்டுபிடிச்சுப் போலீசுக்குப் போயிட்டிய. நேத்தே ஸ்டேஷனுக்குப் போய் நான்தான்னு சொல்லணும்னு இருந்தேன். தைரியம் வரல. இன்னைக்கு ஒருக்க ஆடிட்டு, நேரா அங்கதான் போகணும்னு இருந்தேன். நல்ல சேலை கட்டியிருக்கேன் பாருங்க."

ஆமாம், பச்சைப் பட்டுக்கரைச் சேலை. அப்போதுதான் கவனித்தேன்.

"இதுல அப்படி என்ன இருக்கு? எதுக்கு இந்தக் கள்ளத்தனம்?" என்று கேட்டேன்.

அவள் பெட்டியைப் பார்த்தாள். "கடையைக் கூட்ட வந்தப்ப ஒருநாள் சும்மா போட்டுப் பாத்தேன். போய்க்கிட்டே இருந்துச்சு. கோயிலுக்குப் போனா ஏன் நேரமாச்சுன்னு கேப்பிய. அக்கா வீட்டுக்குப் போனா பஸ் டிக்கெட்ட வாங்கிப் பாப்பிய, எந்த பஸ்ஸுல வந்தன்னு. பாத்துருக்கியளா இல்லியா? இதுல எங்க போற, யாரு கூடப் போறன்னு கேக்க ஆளு கிடையாது. கயத்தாறு போறத விட இது நல்லாருந்துச்சு."

இரண்டு பேரைப் பார்ப்பேன் என்று நினைத்துத்தான் அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்படிப் பார்த்திருந்தால் கத்தியிருப்பேன், அடித்திருப்பேன், என் பக்கம் நியாயம் இருந்திருக்கும். பார்த்தது ஒரே ஒருத்தியை. நான் இல்லாத இடத்தில், தனியாக, அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. கார் ரேஸ் பெட்டியின் சீட்டில் உட்கார்ந்து அழுதேன்.

அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நீ ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம். நான் போறேன்" என்றேன்.

ஜூலை 1

ஞாயிற்றுக்கிழமை. மாசானமுத்து ஸ்டேஷனில் இல்லை.

ஜூலை 2

காலையில் கிளம்பும்போது அவளும் வருகிறேன் என்றாள். நான் விடவில்லை. ஸ்டேஷனில் ஒரு பெண்பிள்ளையை எப்படிப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

மாசானமுத்துவிடம் சொன்னேன். சுற்றி வளைக்காமல், "பூட்டைத் திறந்தது என் பெண்டாட்டி. ராக்கெட் பெட்டியில விளையாடப் போயிருக்கா. வின்சென்ட் மேல ஒரு தப்பும் இல்ல. கேஸ வாபஸ் வாங்கிக்கிடுதேன்" என்றேன்.

முதலில் ஸ்டேஷனே சிரித்தது. துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்த கான்ஸ்டபிள்கூட வேலையை நிறுத்திவிட்டான். அது பரவாயில்லை, அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். சிரிப்பு ஓய்ந்த பிறகு மாசானமுத்து நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா மட்டும் தனியாவா போனாவ அண்ணாச்சி?"

"தனியாத்தான்."

"நல்லா விசாரிச்சியளா?"

"என் கண்ணால பாத்தேன்."

"நீங்க பாத்த அன்னைக்குத் தனியா இருந்திருப்பாவ. அந்தப் பயலும் சின்ன வயசு. பேட்டரி வச்சுக் குடுத்தவனும் அவன்தான். ஊருல நாலு பேருக்குத் தெரியக்கூடாதுன்னு நீங்க மூடி மறைக்கியளோன்னு..."

எழுந்து அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. அவர் கேட்டதில் எனக்குத் தெரியாத கேள்வி ஒன்றுகூட இல்லை. எல்லாமே போன வாரம் நான் எழுதி அடித்த பத்தியில் இருந்தவை. அவர் முகத்தில் இருந்த சிரிப்பும் எனக்குப் பழக்கமானதுதான். டிக்கெட் எடுத்தேன் சார், காற்றில் பறந்துவிட்டது என்று ஒருவன் பிள்ளை மேல் சத்தியம் செய்யும்போது நான் அப்படித்தான் சிரிப்பேன். அவர்களில் எத்தனை பேருக்கு நிஜமாகவே பறந்துபோயிருக்கும்?

"தனியாத்தான் போனா. நல்லா விளையாடுவா. இந்த ஊர்ல அவளுக்குத்தான் முதல் இடம். வந்து பாக்கணும்னா பாத்துக்கிடுங்க" என்றேன்.

"நீங்க சொன்னா சரி அண்ணாச்சி" என்றார். நம்பவில்லை. நாளைக்கே இது டீக்கடைக்கு வந்துவிடும். நான் எத்தனை தடவை சொன்னாலும் இனி யாரும் நம்பப் போவதில்லை.

கேஸ் வாபஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வின்சென்ட்டின் பேப்பரில் நல்லபடியாக எழுதி என் கண் முன்னால் தபாலில் போகிறவரை அந்த பெஞ்சை விட்டு எழவில்லை. வழியில் அவன் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். ரேடியோ ஒன்றுக்கு ஈயப் பற்று வைத்துக்கொண்டிருந்தவன், "சரி அண்ணாச்சி" என்றான். தலையை நிமிர்த்தவில்லை.

வீட்டுக்கு வரும்போது மத்தியானமாகிவிட்டது. செண்பகவல்லி அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"அவன் பேப்பர் போயிட்டா?"

"போயிட்டு. என் கண்ணால பாத்துட்டுத்தான் வந்தேன்."

"நான் விளையாடத்தான் போனேன்னு சொன்னியளா? நம்பினாவளா?"

"நம்பிட்டாவ" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று ஆயிரம் பேரிடம் பார்த்தவன் நான். அந்த நேரத்தில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்துவிட்டது.

ஆனால் அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. "கை கழுவிட்டு வாங்க, சாப்பாடு ஆறுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.